நீலகிரியில் இருப்பவர்கள் மருத்துவக் காப்பீடு வாங்கும் முன் பாலிசிகளை ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மருத்துவக் காப்பீடு தேடுபவர்கள் பெரும்பாலும் பிரீமியத்தில்தான் தொடங்குகிறார்கள். நாலு கம்பெனியின் தொகையை வரிசையாக எழுதி, குறைந்ததில் கைவைக்கிறார்கள். மலையில் குடியிருப்பவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒருவருக்கு உடம்பு மோசமானால் பாதி சிகிச்சை மேலேயும் மீதி கீழேயும் நடக்கும். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போவோம், எப்படிப் போவோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிரீமியத்தைக் கடைசியில் பாருங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறந்த தேதி, உயரம், எடை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இதுவரை நடந்த அறுவை சிகிச்சைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எஸ்டேட் டிஸ்பென்சரிச் சீட்டு, அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றையும் தேடி எடுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது ஞாபகத்தை நம்பி எழுதுவதால்தான் பல கிளெய்ம்கள் (செலவுத் தொகையைக் கம்பெனியிடம் கேட்கும் கோரிக்கைகள்) பின்னால் சிக்கலாகின்றன.

ஆதாரில் உள்ள முகவரியையும் பாருங்கள். பல கம்பெனிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் போடுகின்றன. நீலகிரியின் 643 பின்கோடும் கோவையின் 641 பின்கோடும் வேறு வேறு மண்டலத்தில் இருக்கலாம். பிரீமியம் குறையும் என்று ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டு நிஜத்தில் வேறு நகரத்தில் குடியிருந்தால், கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும்.

2. ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இதை விட்டுவிட்டால், தேவையில்லாததற்குப் பணம் கட்ட நேரும்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. அதிலும் ஆண்டுக்கு 5 லட்சம். தேயிலை பாக்டரியில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்கள், தங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பார்க்கலாம். அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் தங்கள் திட்டத்தில் சொல்லியிருக்கும் தொகை ஓர் ஆண்டுக்கா, பல ஆண்டுகள் சேர்த்தா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடம் தரும் குரூப் பாலிசி, வேலையை விட்டால் நின்றுவிடும். வங்கியில் கடன் வாங்கும்போது சேர்த்து விற்கும் குரூப் பாலிசியில் விதிகளைத் தீர்மானிப்பது வங்கியும் கம்பெனியும்தான். அடுத்த வருடம் அவர்கள் நிபந்தனையை மாற்றினால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டையும் கூடுதல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மருத்துவமனைப் பட்டியல்

மலைக்காரர்களுக்கு இதுதான் முக்கியமான படி. ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள்.

முதல் வரிசையில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய உள்ளூர் மருத்துவமனை. இரண்டாவதில் மேட்டுப்பாளையம் போல அடிவாரத்தில் இருப்பவை. மூன்றாவதில் மாரடைப்பு, மூளையில் அடி, புற்றுநோய் என்றால் உண்மையில் கொண்டுபோகப்படும் பெரிய மருத்துவமனை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அது கோவை. மஞ்சூர் பக்கம் இருப்பவர்கள் கெத்தை வழியாகக் காரமடை இறங்கிக் கோவை போவார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பெரும்பாலும் சுல்தான் பத்தேரி போன்ற கேரள ஊர்களுக்கோ மைசூருக்கோ போகிறார்கள். இவர்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள (நெட்வொர்க்) மருத்துவமனைகளின் தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பாலிசி எடுத்தால், தேவைப்படும் மருத்துவமனை அதில் இருக்காது. கேரளம், கர்நாடகம் இரண்டின் பட்டியலையும் திறந்து பார்க்க வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தம் முறிவதும் திரும்பச் சேர்வதும் அடிக்கடி நடக்கும். இணையப் பட்டியல் அதைத் தாமதமாகத்தான் காட்டும். நாம் பணம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போன் செய்து, "இந்தக் கம்பெனியோட இந்தப் பாலிசிக்கு இன்னைக்கு கேஷ்லெஸ் கொடுக்கறீங்களா?" என்று பாலிசியின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரு பாலிசிக்குக் கிடைக்கும் கேஷ்லெஸ் இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போகலாம்.

உள்ளூர்ச் சிறு மருத்துவமனைக்கு இன்னொரு சோதனை உண்டு. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 உள்நோயாளிப் படுக்கை, முழுநேர நர்ஸ், மருத்துவர், அறுவை அரங்கு, தினசரிப் பதிவேடு இருந்தால்தான் அதைப் பாலிசி மருத்துவமனையாக ஏற்கும். ஆறு படுக்கை வைத்திருக்கும் கிளினிக்கில் மூன்று நாள் தங்கினாலும் கிளெய்ம் ஏற்கப்படாமல் போகலாம். கம்பெனி பணம் தர மறுக்கும் மருத்துவமனைகளின் பட்டியல் ஒன்றும் இணையதளத்தில் இருக்கும். உங்கள் மூன்று வரிசையில் உள்ள எதுவும் அதில் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

2024 ஜனவரியில் 'எங்கும் கேஷ்லெஸ்' என்ற ஏற்பாட்டைக் காப்பீட்டுக் கம்பெனிகள் அறிவித்தன. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் சொன்னால் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேட்கலாம். ஆனால் அந்த மருத்துவமனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் இதை நம்பி நெட்வொர்க் பார்க்காமல் விடாதீர்கள்.

4. மலையிறங்கும் செலவு

ஆம்புலன்ஸ் வரியை யாரும் படிப்பதில்லை. சமவெளிக்காரருக்கு அது சின்ன விஷயம்தான். ஊட்டியில் இருந்து கோவைக்கு சுமார் 85 கிலோமீட்டர். ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ உள்ள வண்டி என்றால் செலவு பெரியது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். வாடகை இன்னும் ஏறும். 108 இலவசம், முதலில் அதைத்தான் கூப்பிட வேண்டும். ஆனாலும் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பெரும்பாலும் தனியார் வண்டிதான் வருகிறது.

பாலிசியில் மூன்றைப் பாருங்கள். உச்சவரம்பு எவ்வளவு? ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் ஒருமுறை சேர்வதற்கு 2,000 ரூபாய்தான். சில பாலிசிகளில் வரம்பே இல்லை. வீட்டில் இருந்து மருத்துவமனைக்கு மட்டுமா, ஒரு மருத்துவமனையில் இருந்து இன்னொன்றுக்கும் உண்டா? பதிவு பெற்ற ஆம்புலன்ஸின் பில் கேட்கிறார்களா? கேட்டால், ஜீப்பிலும் டாக்ஸியிலும் இறங்கிய செலவு வராது. உள்ளூர் ஆம்புலன்ஸ்காரர் இரண்டு பேரிடம் இன்றைய வாடகையைக் கேட்டு, பாலிசி தரும் தொகைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: உள்ளூரில் நாலு மணி நேரம் வைத்து நிலைப்படுத்திவிட்டுக் கோவைக்கு அனுப்பினால், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்ற விதியால் முதல் மருத்துவமனையின் பில்லுக்குத் தனியாகப் பணம் கிடைக்காது. அதே நோய்க்குக் கோவையில் சேர்ந்த கிளெய்ம் ஏற்கப்பட்டால், முதல் பில்லைச் சேர்க்கைக்கு முந்தைய செலவாகச் சேர்த்துக் கேட்கலாம். அதனால் 'சேர்க்கைக்கு முன்' எத்தனை நாள் என்ற வரி மலையில் கூடுதல் மதிப்புள்ளது. பொதுவாக 30 அல்லது 60 நாள் இருக்கும். அந்த ரெஃபரல் சீட்டையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

5. எவ்வளவு தொகைக்கு? யார் யார் சேர்ந்து?

தொகையைக் கோவை மருத்துவமனை பில்லை வைத்து முடிவு செய்யுங்கள். உள்ளூர்ப் பில்லை வைத்து வேண்டாம். இருதய பைபாஸ், மூட்டு மாற்றம் இரண்டுக்கும் ஆகும் உத்தேசத் தொகையை அதே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டால் சொல்வார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு 3 லட்சம் என்பது போதாது. 10 லட்சத்தைக் குறைந்தபட்சமாக வையுங்கள்.

பிரீமியம் தாங்கவில்லையென்றால் 5 லட்சம் அடிப்படைப் பாலிசியும், 5 லட்சத்துக்கு மேல் வேலை செய்யும் சூப்பர் டாப்-அப்பும் சேர்த்து எடுக்கலாம். வெறும் டாப்-அப் என்றால் கவனம். வருடத்தில் இரண்டு முறை, தலா 4 லட்சம் செலவானால், டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்த்து ஒன்றுமே தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சமாக எடுத்து, 5 லட்சம் போக 3 லட்சம் தரும்.

ஒரே தொகையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியத்தை முடிவு செய்வது பெரும்பாலும் மூத்தவரின் வயது. 68 வயது அப்பாவை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்த்தால் எல்லோருக்கும் சேர்த்து விலை ஏறும். அவர் கிளெய்ம் எடுத்தால் குழந்தைகளுக்கான தொகையும் குறையும். பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுப்பதே சரி.

6. எதைப் படிக்க வேண்டும்?

பிரசுரத்தையும் ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தையும் ஒதுக்கிவிட்டு, கம்பெனி இணையதளத்தில் உள்ள முழுப் பாலிசி ஆவணத்தை இறக்குங்கள். கூடவே 'வாடிக்கையாளர் தகவல் தாள்' இருக்கும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. அதில் காத்திருப்புக் காலம், வரம்புகள், விலக்குகள் எல்லாம் சில பக்கத்தில் வந்துவிடும்.

ஒப்பிட மூன்று பாலிசி போதும். ஏழெட்டு எடுத்தால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அளவுகோலாக ஆரோக்ய சஞ்சீவனியையும் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கம்பெனியிலும் அதன் வாசகம் ஒன்றுதான். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு, 5 சதவீதம். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு அதிகபட்சம் 40,000. விலை கூடுதலான பாலிசி இதைவிட எந்த இடத்தில் மேல் என்று தெரியாவிட்டால், கூடுதல் பணம் எதற்கு என்று கேளுங்கள்.

7. ரூம் வாடகை: பில்லைப் போட்டுப் பாருங்கள்

புதிதாக எடுப்பவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். 'ரூம் வாடகை 1 சதவீதம்' என்று படித்துவிட்டு, கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், அறுவை அரங்குக் கட்டணம், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பு செய்யக் கூடாது, ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது.

ஓர் உதாரணப் பில். காப்பீட்டுத் தொகை 5 லட்சம், ரூம் வரம்பு 1 சதவீதம், அதாவது 5,000. எடுத்த அறை 8,000, ஐந்து நாள். அறைக்கு 40,000, டாக்டர், அரங்கு, நர்சிங் 1,60,000, மருந்து, பரிசோதனை 1,00,000, கையுறை, முகக்கவசம் போன்ற மருத்துவம் சாராத பொருள்கள் 20,000. மொத்தம் 3,20,000.

இந்தப் பாலிசி அறைக்கு 25,000 தரும். 1,60,000 எட்டில் ஐந்து பங்காகக் குறைந்து 1,00,000 ஆகும். மருந்துக்கு முழு 1,00,000. மருத்துவம் சாராத பொருள்களுக்கு ஒன்றுமில்லை. ஆக 2,25,000. அதில் 10 சதவீத கோ-பே இருந்தால் 22,500 கழிந்து கைக்கு வருவது 2,02,500. நீங்கள் கட்டுவது 1,17,500.

ரூம் வரம்பும் கோ-பேயும் இல்லாத பாலிசி அதே பில்லுக்கு 3,00,000 தரும். உங்கள் பங்கு 20,000. வித்தியாசம் 97,500. இரண்டு பிரீமியங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். நீங்கள் சுருக்கியிருக்கும் மூன்று பாலிசிக்கும் இதே பில்லைப் போடுங்கள். பாதிச் சந்தேகம் இங்கேயே தீரும்.

கோ-பே சில இடங்களில் ஒளிந்திருக்கும். 60 வயதுக்கு மேல் சேர்பவர்களுக்கு மட்டும், குறைந்த மண்டலத்தில் பாலிசி எடுத்து உயர்ந்த மண்டலத்தில் சிகிச்சை பெற்றால் மட்டும், நெட்வொர்க் இல்லாத மருத்துவமனை என்றால் மட்டும் என்று வரும். இரண்டாவது நிபந்தனை நமக்கு நேராகப் பொருந்தும். உங்கள் பின்கோடு எந்த மண்டலம், நீங்கள் போகும் பெரிய மருத்துவமனை எந்த மண்டலம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

8. காத்திருப்புக் காலம்

மூன்று வகை. பாலிசி தொடங்கிய முதல் 30 நாள் நோய்க்குக் கிடைக்காது, விபத்துக்கு உண்டு. காட்டெருமை முட்டியோ யானை தாக்கியோ அடிபட்டால் அது விபத்தில் வரும். அடுத்தது கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், மூட்டு மாற்றம் போன்ற பட்டியல் நோய்கள். பெரும்பாலும் 24 மாதம். மூன்றாவது ஏற்கெனவே இருக்கும் நோய்: 2024 ஏப்ரல் முதல் இதற்கு அதிகபட்சம் 36 மாதம்தான். இன்னும் '4 வருடம்' என்று சொல்லும் பழைய தாளை யாராவது காட்டினால் அது காலாவதியானது.

வீட்டில் சுகர், பிபி இருப்பவர்களுக்கு இந்தக் காலத்தைக் கூடுதல் பணம் கட்டிக் குறைக்க வழி உண்டா என்று கேளுங்கள். 55 வயதைத் தாண்டியவருக்கு மூன்று வருடம் என்பது நீண்ட காலம். இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல.

9. வேகமாகப் பார்த்துவிட வேண்டியவை

காப்பீட்டுத் தொகை தீர்ந்தால் மீண்டும் நிரம்பும் வசதி அதே நோய்க்கும் உண்டா, முழுவதும் தீர்ந்தால்தானா என்று பாருங்கள். வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தால் எந்தப் பாலிசியும் தராது. நாய்க்கடித் தடுப்பூசி ஓ.பி. செலவு, பெரும்பாலான பாலிசிகளில் அதுவும் வராது. கிளெய்ம் இல்லாத ஆண்டுக்கான போனஸ், இலவச செக்கப், ஜிம் சலுகை இவற்றுக்காகப் பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

10. கம்பெனியும் பிரீமியமும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கையில் கம்பெனி வாரியாகக் கிளெய்ம் விவரம் வரும். எத்தனை கிளெய்ம் கொடுத்தார்கள் என்பதோடு, எத்தனை மறுத்தார்கள், எவ்வளவு நாள் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். கம்பெனி விளம்பரத்தில் போடும் ஒற்றைச் சதவீதம் போதாது.

பிரீமியத்தை இன்றைய வயதுக்கு மட்டும் பார்க்காமல், ஐந்து, பத்து ஆண்டு கழித்து வரும் வயதுக்கும் அட்டவணையில் பாருங்கள். தனிநபர், குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, 18 சதவீதம் சேர்த்த பழைய கொட்டேஷனை ஏற்காதீர்கள்.

பச்சைத் தேயிலை விற்ற இலைப் பணம் மாதாமாதம் வருகிறது என்பதற்காகத் தவணை முறை எடுக்கலாம். மாதத் தவணைக்குக் கட்டத் தவறினால் 15 நாள் சலுகை உண்டு. ஆனால் நடுவில் கிளெய்ம் வந்தால் மீதித் தவணையைக் கழித்துக்கொண்டு கொடுக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள்.

11. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

ஏஜென்ட் உதவட்டும், ஆனால் உடல்நலக் கேள்விகளுக்கு அவர் 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போகக் கூடாது. "பிபி மாத்திரைதானே, எழுத வேண்டாம் அண்ணா" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எஸ்டேட் டிஸ்பென்சரிச் சீட்டில் இருக்கும் ஒரு வரி, கிளெய்ம் விசாரணையில் எப்படியும் வெளியே வரும். தைராய்டு, ஆஸ்துமா, பழைய அறுவை சிகிச்சை, புகை, மது எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் சிக்கிள் செல் (பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை செய்து முடிவு கையில் இருந்தால் அதையும், நோயா, கடத்தி மட்டுமா என்பதோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், சில நேரம் மறுக்கவும் செய்யலாம். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் ரத்தாகும். தொடர்ந்து 60 மாதம் கட்டியபின், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்பது விதி. அதற்காக அந்த ஐந்து வருடத்தைச் சூதாட வேண்டாம்.

12. பாலிசி கைக்கு வந்தபின்

30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் பெயர், பிறந்த தேதி, மண்டலம், நீங்கள் சொன்ன நோய்கள் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று விண்ணப்ப நகலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் சொன்ன நோய் அதில் இல்லையென்றால் உடனே ஈமெயிலில் திருத்தச் சொல்லுங்கள். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது.

பாலிசி எண், கம்பெனியின் இலவச எண், மூன்று வரிசை மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் டெஸ்க் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால் சிக்னல் இல்லாத இடத்தில் சிரமம். சேர்ந்தபின் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். தாமதமானால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை, பாலிசியின் எந்த விதி என்பதோடு, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்தில் தீராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் சேவையான பீமா பரோசாவின் உதவி எண் 155255.

வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பு விண்ணப்பியுங்கள். அதுவரை கடந்த காத்திருப்புக் காலம் உங்களோடு வரும். ஆண்டுப் பிரீமியத்தைத் தேதி தாண்டிக் கட்டினால் 30 நாள் சலுகையில் பாலிசி உயிர் பிழைக்கும். ஆனால் அந்த இடைவெளியில் வந்த நோய்க்குப் பணம் வராது.